பெர்லின் காட்டியது, வேலூர் செய்யக்கூடியது

திமோத்தி ரே பிரவுன் முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னார். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பிறந்து பெர்லினில் வாழ்ந்துகொண்டிருந்தவர் அவர். 1995-இல் எச்ஐவி இருப்பது தெரியவந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கூட்டு மருந்துகள் வந்தன, வைரஸ் அடங்கியது, வாழ்க்கை ஓடிக்கொண்டிருந்தது. 2006-இல் ரத்தப் புற்றுநோய் வந்தது. ஷாரிட்டே மருத்துவமனையில் அவரைக் கவனித்த ரத்தவியல் மருத்துவர் கெரோ ஹியூட்டர், எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை தேவைப்படலாம் என்றார். கொடையாளரைக் கொஞ்சம் கவனமாகத் தேர்ந்தெடுத்தால் அதோடு எச்ஐவியையும் ஒழித்துவிட முடியுமா பார்க்கலாம் என்று ஒரு யோசனையையும் வைத்தார். கீமோதெரபியில் புற்றுநோய் தணிந்திருந்த நேரம் அது. எச்ஐவிக்குத்தான் மாத்திரை இருக்கிறதே, சோதனை எலியாக ஏன் இருக்க வேண்டும் என்று பிரவுன் ஒதுங்கிக்கொண்டார். ஆண்டு முடிவதற்குள் புற்றுநோய் திரும்பிவிட்டது. வேறு வழியில்லை என்றான பிறகே, 2007 பிப்ரவரியில், அவர் அந்தச் சிகிச்சைக்கு உடன்பட்டார்.

இந்த வரிசை முக்கியம். எச்ஐவியிலிருந்து விடுபட்ட முதல் மனிதர் எச்ஐவிக்காக அந்தக் கட்டிலில் படுக்கவில்லை; புற்றுநோயிலிருந்து உயிர் பிழைக்கப் படுத்தார். அவருக்குப் பின் லண்டன், டியூசல்டார்ஃப், நியூயார்க், கலிஃபோர்னியாவின் சிட்டி ஆஃப் ஹோப், ஜெனீவா, மறுபடியும் பெர்லின் என்று ஊர்ப் பெயர்களால் அறியப்பட்டவர்களும் அப்படித்தான். இத்தனை ஆண்டுகளில் மொத்தமே விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய எண்ணிக்கை. ஆனால் ஒவ்வொரு முறையும் நம் நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் ‘எய்ட்ஸுக்குத் தீர்வு கிடைத்துவிட்டது’ என்றே முழங்குகின்றன. அன்று மாலை எச்ஐவி மருந்து தரும் ஏஆர்டி மையத்தில் வரிசையில் நிற்கும் ஒருவர் அந்தச் செய்தியை எப்படிப் படித்திருப்பார் என்று செய்தி அறையில் யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை.

அங்கே நடந்தது என்ன? எச்ஐவி நம் ரத்தத்தின் சிடி4 வெள்ளையணுக்களைத் தாக்குகிறது. அணுவுக்குள் நுழைய அதற்கு இரண்டு பிடிகள் வேண்டும். ஒன்று சிடி4 என்ற புரதம்; மற்றது, பெரும்பாலான எச்ஐவி வகைகளுக்கு, சிசிஆர்5 என்ற புரதம். வட ஐரோப்பிய வம்சாவளியினரில் நூற்றில் ஒருவருக்கு இந்தச் சிசிஆர்5 மரபணுவில் 32 எழுத்துகள் விடுபட்டுப் போயிருக்கின்றன, அதுவும் தாய் வழி, தந்தை வழி ஆகிய இரண்டு படிகளிலுமே. அவர்களுடைய அணுக்களின் மேல் அந்தப் புரதம் இருக்காது. பலமுறை வைரஸை எதிர்கொண்டும் தொற்றாமல் தப்பியவர்களை ஆராய்ந்தபோது 1996-இல் இது கண்டறியப்பட்டது. ஹியூட்டர் எச்ஐவி நிபுணர் அல்ல. ஆனாலும் அந்தக் கண்டுபிடிப்பு அவர் நினைவில் இருந்தது. பிரவுனின் திசு வகைக்குப் பொருந்திய கொடையாளர்களில் அறுபது பேருக்கு மேல் சோதித்து, இரண்டு படிகளிலும் 32 எழுத்துகள் விடுபட்ட ஒருவரைக் கண்டுபிடித்தார்கள். பொருத்தமான கொடையாளர் ஒருவர் கிடைத்தாலே கோயிலுக்கு நேர்ந்துகொள்ளும் நம் ஊர்க் குடும்பங்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கலாம். பிரவுனுக்குத் தேர்ந்தெடுக்கும் அளவுக்குக் கொடையாளர்கள் இருந்தார்கள்.

மஜ்ஜை மாற்றிய நாளிலேயே எச்ஐவி மாத்திரைகள் நிறுத்தப்பட்டன. வைரஸ் திரும்பவில்லை; புற்றுநோய்தான் திரும்பியது. 2008-இல் அதே கொடையாளரின் குருத்தணுக்களை (ஸ்டெம் செல்) வைத்து இரண்டாம் முறை மாற்று சிகிச்சை. அதிலிருந்து அவர் மீண்ட கதையை வெற்றிச் செய்திகள் ஓரிரு சொற்களில் கடந்துவிடும். சித்தப்பிரமை, ஏறக்குறைய பார்வை இழப்பு, பக்கவாதத்துக்கு நெருக்கமான நிலை. நடப்பதற்கே புதிதாகப் பழக வேண்டியிருந்தது. அதே 2008 தொடக்கத்தில் பாஸ்டனில் நடந்த மாநாட்டில் ஹியூட்டரின் ஆய்வு ஒரு சுவரொட்டியாக மட்டும் இடம்பெற்றது. அதன் முன் நின்று படித்தவர்கள் அதிகமில்லை. 2009-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அடுத்த ஆண்டு பிரவுன் தன் பெயரை வெளியிட்டார். 2020 செப்டம்பரில், 54 வயதில், மறுபடியும் வந்த ரத்தப் புற்றுநோயால் காலமானார். அதுவரை பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாக அவர் உடலில் எச்ஐவி தலைகாட்டவில்லை.

தினமும் ஒரு மாத்திரை போட்டால் வைரஸ் அடங்கிவிடுகிறதே, அதை ஒழிப்பது மட்டும் ஏன் இவ்வளவு கடினம்? எச்ஐவி தன் மரபணுவை நம் அணுவின் மரபணுவுக்குள்ளேயே செருகிவிடுகிறது. அப்படிச் செருகப்பட்ட சில அணுக்கள் எந்த வேலையும் செய்யாமல் ஆண்டுக்கணக்கில் உறங்குகின்றன. மருந்து வைரஸின் பெருக்கத்தைத்தான் தடுக்கும். பெருகாமல் கிடப்பதை அது தொடாது. வயலில் கோரையை மேலோடு அறுத்துவிட்டு, கிழங்கை மண்ணுக்குள் விட்ட கதை இது. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் வைரஸ் மறுபடி முளைத்துவிடும். மஜ்ஜை மாற்றில் கீமோதெரபி, சில வேளை கதிர்வீச்சு, அதற்குப் பின் புதிதாக வந்து குடியேறும் கொடையாளரின் வெள்ளையணுக்கள் என எல்லாம் சேர்ந்து பழைய ரத்த அணுக்களை அநேகமாகத் துடைத்தெடுத்துவிடுகின்றன. உறங்கும் வைரஸும் அவற்றோடு போகிறது.

நெடுங்காலம் விஞ்ஞானிகள் பெருமையை சிசிஆர்5 குறைபாட்டுக்கே கொடுத்தார்கள். அதற்குக் காரணமும் இருந்தது. பாஸ்டனில் இரண்டு எச்ஐவி நோயாளிகளுக்குச் சாதாரண கொடையாளர்களின் மஜ்ஜை பொருத்தப்பட்டது. எவ்வளவு தேடியும் வைரஸ் அகப்படவில்லை. 2013-இல் மருந்தை நிறுத்தினார்கள். கோலாலம்பூர் மாநாட்டில் அறிவிப்பும் வந்துவிட்டது. ஆனால் ஒருவருக்கு மூன்று மாதத்திலும் மற்றவருக்கு எட்டு மாதத்திலும் வைரஸ் திரும்பிவிட்டது. மறுபக்கம், சிசிஆர்5 இல்லாத அணுக்களைப் பெற்ற ஆடம் காஸ்டிலேஹோ மருந்தின்றி நலமாக இருக்கிறார். ‘லண்டன் நோயாளி’ என்று 2019-இல் அறியப்பட்டவர் அவர். அந்த ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர் இந்திய வம்சாவளி மருத்துவர் ரவீந்திர குப்தா. டியூசல்டார்ஃப் நகரின் மார்க் ஃபிராங்கேவும் அப்படியே. ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் சிகிச்சை பெற்ற ஒருவருக்கு மட்டும் கணக்கு தப்பியது. சிசிஆர்5 இல்லாத அணுக்கள் கிடைத்தும் வைரஸ் மீண்டது. அவருக்குள் இருந்த வைரஸ் சிசிஆர்5-ஐ விட்டுவிட்டு வேறொரு புரதத்தைப் பற்றிக்கொள்ளும் வகை. இருந்தாலும் மொத்தத்தில் பாடம் தெளிவாகவே தோன்றியது: அரிய மரபணு இருந்தால் பிழைக்கலாம், இல்லாவிட்டால் இல்லை.

அந்தத் தெளிவை ஜெனீவா குலைத்தது. அங்கே ஒருவருக்கு 2018-இல் ரத்தப் புற்றுநோய்க்காக மாற்று சிகிச்சை நடந்தது. கொடையாளரின் சிசிஆர்5 முற்றிலும் இயல்பானது. எச்ஐவி அந்த அணுக்களுக்குள் தாராளமாக நுழையலாம். 2021 நவம்பரில் மருந்து நிறுத்தப்பட்டது. 2023-இல் அறிவிக்கும்போது இருபது மாதங்கள் ஓடியிருந்தன, வைரஸ் வரவில்லை. அடுத்த ஆண்டே ‘இரண்டாம் பெர்லின் நோயாளி’ பற்றிய செய்தி. அவருடைய கொடையாளருக்கு மரபணுவின் ஒரு படியில் மட்டும்தான் குறைபாடு. மற்ற படி இயல்பாக வேலை செய்தது. 2018-இல் மருந்தை நிறுத்தியவர், ஆண்டுகள் கடந்தும் நலமாக இருந்தார்.

மரபணுக் குறைபாடு பெரிய காப்புதான், ஆனால் கட்டாயத் தேவை இல்லை என்பது இதனால் தெரிகிறது. உண்மையான வேலையைச் செய்வது வேறொன்று என்ற எண்ணம் இப்போது வலுத்துவருகிறது. மாற்று சிகிச்சையில் வந்து சேரும் புதிய நோய் எதிர்ப்பு அணுக்கள், நோயாளியின் பழைய ரத்த அணுக்களை அந்நியமாகக் கருதித் தேடித் தேடி அழிக்கின்றன. மிச்சமிருக்கும் புற்றணுக்களையும் இதே தாக்குதல்தான் ஒழிக்கிறது என்பது ரத்தவியலாளர்களுக்குப் பல பத்தாண்டுகளாகத் தெரியும். உறங்கும் எச்ஐவியைச் சுமக்கும் அணுக்களும் பழைய அணுக்கள்தானே. அந்த அழிப்பு முழுமையாக நடந்து முடிந்தால், புதிய அணுக்களில் சிசிஆர்5 இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? பாஸ்டனில் அது முடியாமல் நின்றது. ஜெனீவாவில் முடிந்ததாகத் தெரிகிறது. ஜெனீவா நோயாளி எடுத்துக்கொண்ட வேறொரு மருந்துக்கும் இதில் பங்கு இருக்கலாம். என் பார்வையில் பிரவுன் குணமானதைவிட இந்த ஜெனீவா புதிர் பெரிய செய்தி. நம் ஊடகங்களில் அதற்குக் கிடைத்த இடமோ மிகக் குறைவு.

இவ்வளவு சொன்ன பிறகும், இதை எச்ஐவிக்கான சிகிச்சை என்று சொல்ல முடியாது. பிறருடைய மஜ்ஜையைப் பெறுபவர்களில் பத்தில் ஒருவர், சில நிலைகளில் அதற்கும் மேல், சிகிச்சையின் விளைவுகளாலேயே முதல் ஆண்டில் இறக்கிறார்கள். புதிய அணுக்கள் பழைய ரத்தத்தோடு நிற்காமல் தோல், குடல், ஈரல் என்று திரும்பினால் அது தனி நோயாகவே நீடிக்கும். ரத்தப் புற்றுநோயாளிக்கு இந்த ஆபத்தை ஏற்பது நியாயம். சும்மா இருந்தால் சாவு உறுதி. மாத்திரையில் நலமாக வேலைக்குப் போய்வரும் எச்ஐவி உள்ளவருக்கு இதைச் செய்வது மருத்துவ நெறிக்கே புறம்பானது. இதில் தொடர்புடைய மருத்துவர்கள் ஒவ்வொரு அறிவிப்பிலும் இதைச் சொல்கிறார்கள். தலைப்பு எழுதுபவர்கள்தான் அதை விட்டுவிடுகிறார்கள்.

இந்தியாவில் கூடுதலாக இரண்டு தடைகள். சிசிஆர்5 குறைபாடு இரு படிகளிலும் உள்ளவர் இங்கே காண்பதற்கே அரிது. பொருந்தும் கொடையாளர் கிடைப்பதும் கடினம். ஜெர்மனியின் பதிவேட்டில் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் இருக்கிறார்கள். சென்னையில் 2009-இல் தொடங்கிய ‘தாத்ரி’ உட்பட நம் நாட்டின் எல்லாப் பதிவேடுகளையும் கூட்டினாலும் அதில் ஒரு சிறு பங்குதான் தேறும். நம் மக்கள்தொகைக்கும், சாதிக்குள்ளேயே மணம் முடித்துப் பிரிந்து கிடக்கும் மரபுக்கும் அது எந்த மூலைக்கு? கன்னத்தின் உட்புறம் பஞ்சுக் குச்சியால் தடவிக் கொடுத்தால் பதிவு முடிந்துவிடும். எச்ஐவியை விடுங்கள், தலசீமியா குழந்தைகளுக்கும் ரத்தப் புற்றுநோயாளிகளுக்கும் அது உயிர்.

நியூயார்க் நோயாளியின் கதை இங்கே ஓர் ஆபத்தான திசையில் இழுக்கப்படுகிறது. அவர் கலப்பினப் பெண். முழுமையாகப் பொருந்தும் கொடையாளர் கிடைக்கவில்லை. 2017-இல் சிசிஆர்5 குறைபாடுள்ள தொப்புள்கொடி ரத்தத்தையும், பாதி பொருந்திய உறவினரின் அணுக்களையும் சேர்த்துக் கொடுத்தார்கள், பலித்தது. அது யாரோ ஒரு குழந்தையின் ரத்தம். பொது வங்கியில் இருந்து வந்தது. நம் ஊரிலோ பிரசவ வார்டு வாசலில் நின்று, ‘உங்கள் குழந்தைக்கே எதிர்காலத்தில் உதவும்’ என்று தொப்புள்கொடி ரத்தச் சேமிப்பை விற்கிறார்கள். அப்படிச் சொந்த உபயோகத்துக்குச் சேமிப்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட சில ரத்த நோய்களைத் தவிர மற்றெதற்கும் முறையான ஆய்வுக்கு வெளியே ஸ்டெம் செல் சிகிச்சை கூடாது என்று 2017 வழிகாட்டு நெறியும் சொல்கிறது. ‘ஸ்டெம் செல்’ என்ற சொல்லைப் பலகையில் எழுதிவைத்து மூட்டுவலி முதல் மதியிறுக்கம் வரை வைத்தியம் பார்க்கும் கூட்டம் எச்ஐவியையும் அந்தப் பட்டியலில் சேர்க்க அதிக நாள் ஆகாது. எய்ட்ஸைக் குணப்படுத்துவதாகச் சொல்லி லேகியமும் சூரணமும் விற்றவர்களை நாம் பார்க்காதவர்களா?

அப்படியென்றால் இந்தச் சில பேரின் கதையால் மற்றவர்களுக்கு என்ன பயன்? உறங்கும் வைரஸை உடலிலிருந்து நீக்குவது நடக்கக்கூடிய காரியம் என்பதற்கு இவர்கள் உயிருள்ள சான்று. இவர்களுக்கு முன் அதை நம்பியவர்கள் குறைவு. இனிச் செய்ய வேண்டியது, பிறருடைய மஜ்ஜை இல்லாமல், அந்த மரண ஆபத்து இல்லாமல், அதே முடிவை அடைவது. நோயாளியின் சொந்தக் குருத்தணுக்களை எடுத்து, சிசிஆர்5 மரபணுவை ஆய்வகத்தில் வெட்டிவிட்டு, திரும்ப ஏற்றுவது ஒரு வழி. சீன விஞ்ஞானிகள் ரத்தப் புற்றுநோயும் எச்ஐவியும் சேர்ந்திருந்த ஒருவருக்கு இதுபோல் திருத்திய கொடையாளர் அணுக்களை ஏற்றி, அதன் முடிவை 2019-இல் வெளியிட்டார்கள். பாதுகாப்பாக முடிந்தது, ஆனால் திருத்தம் பெற்றவை பத்தில் ஒரு பங்குகூட இல்லை, எச்ஐவியை ஒழிக்க அது போதவில்லை. நேரடியாக உடலுக்குள் மரபணுக் கத்தரியை அனுப்பி வைரஸின் மரபணுவையே வெட்டிப்பார்க்கும் முயற்சி அமெரிக்காவில் நடந்தது. மருந்தை நிறுத்திய மூவருக்கும் வைரஸ் திரும்பியது. இவை தோல்விகள்தான். ஆனால் இந்தத் துறையில் இப்போது எல்லாமே தோற்றுத் தோற்றுத்தான் நகர்கிறது.

சீனாவின் ஹே ஜியான்குய் 2018-இல் இதே சிசிஆர்5-ஐக் கருவிலேயே திருத்திக் குழந்தைகளைப் பிறக்கச் செய்ததும், சிறைக்குப் போனதும் தனிக்கதை. எச்ஐவி வராமல் தடுக்க எத்தனையோ எளிய வழிகள் இருக்க, பிறக்காத குழந்தையின் மரபணுவில் கைவைத்ததற்கு எந்த நியாயமும் கிடையாது.

எனக்குள்ள கவலை வேறு. பத்து, பதினைந்து ஆண்டுகளில் இந்த மரபணுச் சிகிச்சை முயற்சிகளில் ஒன்று வெற்றி பெறுகிறது என்று வைத்துக்கொள்வோம். விலை என்ன இருக்கும்? அரிவாள் அணுச் சோகைக்கு மரபணுத் திருத்த சிகிச்சை ஒன்றை 2023 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்தது. ஒரு நோயாளிக்கு 22 லட்சம் டாலர், அதாவது ஏறத்தாழ 18 கோடி ரூபாய். அந்த நோய் அதிகமுள்ளது ஆப்பிரிக்காவிலும் நம் பழங்குடி மக்களிடமும். எச்ஐவியும் இதே பாதையில் போனால், உலகில் அதோடு வாழும் சுமார் நான்கு கோடிப் பேரில், பெரும்பாலோர் வாழும் ஆப்பிரிக்க நாடுகளுக்கும், 25 லட்சம் பேர் வாழும் இந்தியாவுக்கும் அது பத்திரிகைச் செய்தியாக மட்டுமே வந்து சேரும்.

இது முன்பும் நடந்தது. 1990-களின் இறுதியில் கூட்டு மருந்து அமெரிக்காவில் ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல். வாங்க முடியாதவர்கள் லட்சக்கணக்கில் இறந்துகொண்டிருந்தார்கள். 2001-இல் சிப்லா நிறுவனத்தின் யூசுஃப் ஹமீது ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்ததும் விலைகள் சரிந்தன. 2004 ஏப்ரல் முதல் நாள் தாம்பரம் உள்ளிட்ட சில மருத்துவமனைகளில் இந்திய அரசு இலவசமாக மருந்து தரத் தொடங்கியது. அந்தச் சாதனை மாத்திரைத் தொழிலின் பலத்தால் வந்தது. மாத்திரையை நகலெடுக்கலாம்; குருத்தணுவை எடுத்துத் திருத்தி ஏற்றும் முறையை அப்படி நகலெடுக்க முடியாது. அதற்கு மஜ்ஜை மாற்றுப் பிரிவு வேண்டும், தூய அறைகள் வேண்டும், பழகிய கைகள் வேண்டும். ஒரு தலைமுறைக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும்.

நம்மிடம் அப்படித் தொடங்கிய இடம் ஒன்று இருக்கிறது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் மஜ்ஜை மாற்று 1986-இலேயே ஆரம்பமானது. அதே ஆண்டுதான் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி செல்லப்பன் நிர்மலா திரட்டிய ரத்த மாதிரிகள் வேலூர் ஆய்வகத்துக்குப் போயின. இந்தியாவில் எச்ஐவி இருக்கிறது என்ற உண்மை அங்கேதான் முதலில் தெரியவந்தது. 2024 டிசம்பரில் அதே வேலூரிலிருந்து இன்னொரு ஆய்வு வெளியானது. கடும் ஹீமோஃபீலியா உள்ள ஐந்து பேரின் சொந்தக் குருத்தணுக்களை எடுத்து, அவற்றில் ரத்தம் உறையத் தேவையான மரபணுவைச் செருகித் திரும்ப ஏற்றினார் மருத்துவர் அலோக் ஸ்ரீவஸ்தவாவின் குழு. அதன் பின் அவர்களுக்கு ரத்தக்கசிவு வரவில்லை. மரபணுவைச் சுமந்து சென்றது லென்டிவைரஸ் என்ற வகை. எச்ஐவியும் அந்த வகையைச் சேர்ந்ததுதான். இத்தகைய மரபணுச் சுமைதாங்கிகள் பெரும்பாலும் எச்ஐவியிலிருந்து நோய்தரும் பகுதிகளை நீக்கிவிட்டு உருவாக்கப்பட்டவை. 1980-களில் உறைபொருள் ஊசிகள் வழியாக எச்ஐவி தொற்றி உலகெங்கும் ஆயிரக்கணக்கில் மடிந்தவர்கள் ஹீமோஃபீலியா நோயாளிகள். வரலாறு இப்படியும் சில வேளை கணக்கைத் தீர்த்துக்கொள்கிறது.

சொந்தக் குருத்தணுவை வெளியே எடுத்து, மாற்றி, பாதுகாப்பாகத் திரும்ப ஏற்றத் தெரிந்த குழு இது. எச்ஐவிக்குத் தேவைப்படும் திறனில் பெரும்பகுதி அதுவே. விலை இறங்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. மும்பை ஐஐடியில் உருவாகி 2023-இல் அனுமதி பெற்ற ரத்தப் புற்றுநோய்க்கான கார்-டி சிகிச்சை (நோயாளியின் எதிர்ப்பு அணுக்களையே மரபணு மாற்றித் திரும்ப ஏற்றும் முறை), அமெரிக்காவில் மூன்று நான்கு கோடி ஆவது, இங்கே ஏறத்தாழ 40 லட்சத்தில் முடிகிறது. சாமானியனுக்கு இதுவும் எட்டாத தொகைதான். ஆனால் அரசுக் காப்பீடு எட்டிப்பிடிக்க முயலலாம். 18 கோடியை எந்தக் காப்பீடும் பிடிக்காது. மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையும் தமிழ்நாடு அரசும் சேர்ந்து எச்ஐவி மரபணுச் சிகிச்சை ஆய்வுக்கென்று ஒரு நீண்டகாலத் திட்டத்தை இப்போதே தொடங்க வேண்டும். அதில் காப்புரிமை பொதுத்துறையிடம் இருக்க வேண்டும் என்பதையும் முதலிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். அதோடு, வேறு காரணத்துக்காக மஜ்ஜை மாற்று செய்துகொள்ளும் எச்ஐவி நோயாளிகளை ஐரோப்பாவில் செய்வதுபோல் தொடர்ந்து ஆராயும் ஏற்பாடும் வேண்டும். ஜெனீவா புதிருக்கு விடை ஜெனீவாவில்தான் கிடைக்க வேண்டும் என்று சட்டமா?

இதற்கு வரக்கூடிய எதிர்ப்பு எனக்குத் தெரியும், அதில் நியாயமும் உண்டு. 2022-இல் சில மருந்துகள் கிடைக்காமல், எச்ஐவியோடு வாழ்பவர்கள் தில்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் வாசலில் வாரக்கணக்கில் உட்கார்ந்து போராடினார்கள். 2025 தொடக்கத்தில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை ஒரே உத்தரவில் நிறுத்தியபோது ஆப்பிரிக்காவில் எத்தனையோ மருத்துவ மையங்கள் தடுமாறின. மாத்திரையையே ஒழுங்காகக் கொண்டுசேர்க்காத உலகத்தில் மரபணு வைத்தியம் எதற்கு என்ற கேள்வி எழத்தான் செய்யும். இன்றைய மாத்திரையைத் தவறாமல் எடுத்து வைரஸ் அளவை அடக்கிவைத்திருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாக மற்றவருக்குத் தொற்றாது என்பது பல ஆயிரம் பேரிடம் உறுதியானது. ஆண்டுக்கு இரண்டு ஊசியில் தொற்றைத் தடுக்கும் லெனகபவிர் வந்துவிட்டது. அதன் நகல் மருந்தை 2027 முதல் ஆண்டுக்கு 40 டாலருக்குத் தர ஹைதராபாதின் இரு நிறுவனங்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. பணத்துக்கு இவைதான் முதல் உரிமையாளர்கள்.

ஆகவே ஆய்வுக்கான பணம் ஏஆர்டி நிதியிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்கப்படக் கூடாது. அது அறிவியல் ஆராய்ச்சிக் கணக்கிலிருந்து தனியாக வர வேண்டும். எந்த ஆய்வுக்கு யாரை அழைக்கலாம், எவ்வளவு ஆபத்தை ஏற்கச் சொல்லலாம், எப்போது மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாம் என்று முடிவெடுக்கும் குழுவில் எச்ஐவியோடு வாழ்பவர்கள் பார்வையாளர்களாக அல்ல, வாக்குரிமையோடு உட்கார வேண்டும். பிரவுன் முதல் முறை வேண்டாம் என்று சொன்னபோது ஹியூட்டர் அவரை வற்புறுத்தவில்லை. அந்த மறுப்புக்கு இடம் வைக்காத எந்தத் திட்டத்துக்கும் அனுமதி தரக் கூடாது.